எண் யார் கண்ணில் படுகிறது? ஜார்ஜ்டவுன் ஸ்மார்ட் மீட்டர்களைப் பார்த்தபோது

காலை ஒன்பது மணிக்கே பினாங்கின் ஜெலுத்தோங்கில் வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசை வீடுகளின் முன்னால் ஒரு வேன் வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இறங்கிய மலாய் இளைஞர் வெளியே நின்றபடியே, "பாக்சிக், மீட்டர்!" என்று குரல் கொடுத்தார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். முன்கூட்டியே தகவல் வந்திருந்தாலும், அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கேட்டைத் திறந்தார். "காலம் அப்படி இருக்கு தம்பி," என்றார் என்னிடம்.

வாசல் சுவரில் இருந்தது பழைய சுழல்தட்டு மீட்டர். கண்ணாடிக்குள் கிடையாகச் சுற்றும் அலுமினியத் தட்டு, அதன் விளிம்பில் ஒரு கோடு. "இஸ்திரிப் பெட்டி போட்டா தட்டு பறக்கும். சின்ன வயசுல நானும் தம்பியும் அதைப் பாக்கவே ஓடி வருவோம்," என்றார் ஆசிரியரின் மகள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராக இருக்கிறார். அன்று அவருக்கு விடுப்பு.

வேலை அதிக நேரம் எடுக்கவில்லை. குளிர்பெட்டியையும் கணினியையும் முதலில் அணைக்கச் சொன்னார் இளைஞர். பழைய மீட்டரின் கடைசி எண்ணை ஆசிரியர் பார்க்கும்படி வாசித்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். மின்சாரத்தைத் துண்டித்தார், கம்பிகளைக் கழற்றினார், வெள்ளைப் பெட்டி ஒன்றைப் பொருத்தி முத்திரைக் கம்பி கட்டினார். மின்சாரம் திரும்பியதும் சிறிய திரையில் எண்கள் மாறி மாறி வந்தன. மூலையில் சிவப்பு விளக்கு சிமிட்டத் தொடங்கியது. இதுபோன்ற மீட்டர்களின் முகப்பில், எத்தனை முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று அச்சிட்டிருக்கும். ஆயிரம் என்று இருந்தால் ஒவ்வொரு சிமிட்டலும் ஒரு வாட் மணி. யூனிட் என்று நாம் சொல்வது ஆயிரம் வாட் மணியைத்தான்.

"காசு எவ்வளவு?" என்று கேட்டார் ஆசிரியரின் துணைவியார். மீட்டருக்கும் மாற்றும் வேலைக்கும் கட்டணம் இல்லை என்றார் இளைஞர். அம்மாவின் முகத்தில் சந்தேகம் தெளியவில்லை. "சும்மா குடுக்கிறாங்கன்னா பில்லுல வாங்கிக்குவாங்க."

அவர் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. மின்சாரம் வழங்கும் தெனாகா நேஷனல் நிறுவனம் மலாக்காவிலும் புத்ராஜெயாவிலும் இந்த மீட்டர்களைச் சோதனையாகப் பொருத்தத் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. பிறகு மலாக்கா முழுவதும், அடுத்துக் கிள்ளான் பள்ளத்தாக்கு, அதன்பின் பினாங்கு உள்ளிட்ட பிற மாநிலங்கள் என்று பரவியது. போன இடமெல்லாம் 'புது மீட்டர் வேகமாக ஓடுகிறது' என்ற முணுமுணுப்பும் கூடவே போனது. அதற்கு ஒரு காரணம் பழைய மீட்டரிலேயே இருக்கிறது. சுழல்தட்டு தேயத் தேய உராய்வு கூடும். கைப்பேசி மின்னேற்றி, அணைத்தும் அணையாத தொலைக்காட்சி போன்றவை இழுக்கும் சிறு மின்சாரத்துக்கு அது அசையாமலே இருந்துவிடும். மின்னணு மீட்டர் அதையும் எண்ணும்.

ஆனால் மின்னணு மீட்டர் தவறே செய்யாது என்றும் சொல்வதற்கில்லை. நெதர்லாந்தின் துவென்ட்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், ஒளி குறைக்கும் கருவியுடன் இணைத்த எல்இடி விளக்குகள் போன்ற ஒழுங்கற்ற மின்சுமையில் சில வகை மீட்டர்கள் உண்மையான அளவைவிட 582 விழுக்காடு வரை கூடுதலாகக் காட்டின. வேறு சில குறைவாகக் காட்டின. ஆய்வகத்தில் வேண்டுமென்றே உருவாக்கிய சூழல் அது, வீட்டில் அப்படி நேராது என்ற மறுப்பும் வந்தது. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியர், "அப்ப பழைய பில்லையும் புதுப் பில்லையும் பக்கத்துல வச்சுப் பாத்தாத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டு, பழைய பில்களைத் துளையிட்டுக் கோத்து வைத்திருந்த கோப்பை எடுத்து வந்தார்.

வேன் கிளம்பும் முன் இளைஞரிடம் கேட்டேன்: இந்தப் பெட்டியில் சேரும் எண் நிறுவனத்துக்கு எப்படிப் போகிறது? மூன்று வழி இருக்கிறது என்றார். வீடுகள் நெருங்கிய இடங்களில் ரேடியோ அலை. கிணற்று வேலையில் செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுப்பதுபோல, ஒரு மீட்டர் தன் கணக்கை அடுத்த வீட்டு மீட்டருக்குத் தர, அது அடுத்ததற்குத் தர, கடைசியில் சேகரிப்புக் கருவி வாங்கி மைய நிலையத்துக்கு அனுப்பும். இரண்டாவது, மின்சாரம் வரும் அதே கம்பியிலேயே தகவலையும் ஏற்றி அனுப்புவது. மூன்றாவது, கைப்பேசிச் சேவை. எந்த வழியானாலும் மீட்டர் அரை மணிக்கு ஒரு முறை கணக்கெடுத்து வைக்கிறது. மின்சாரம் போனால் அதையும் சொல்லிவிடுகிறது. இணைப்பைத் துண்டிக்கவோ திரும்பக் கொடுக்கவோ ஆள் ஏணியோடு வர வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை கையில் கருவியோடு வந்து, நாய் குரைப்புக்கு நடுவே எண்ணைப் பார்த்து, அங்கேயே பில்லை அச்சடித்து நீட்டிப்போகும் மீட்டர்காரருக்கும் இனி இந்தத் தெருவில் வேலை இல்லை. அவர் வராமல் போனால் என்ன ஆகும் என்பதை மலேசியா 2020இல் பார்த்தது. மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் மீட்டர் வாசிப்பு நின்றது. பில்கள் உத்தேசக் கணக்கில் போயின. மே மாதம் வாசிப்பு திரும்பியபோது வீட்டிலேயே அடைந்து கிடந்த மாதங்களின் கணக்கு மொத்தமாக வந்து விழுந்தது. நாடெங்கும் எழுந்த கூச்சலுக்குப் பிறகு, ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 77 ரிங்கிட் வீதம் வீட்டுப் பயனர்களுக்கு அரசு கழிவு கொடுத்தது. "என் கோப்புல இருக்கு பாருங்க," என்று அந்த மாதத்துப் பில்லைப் பிரித்துக் காட்டினார் ஆசிரியர்.

சாப்பாட்டு மேசைக் கணக்கு

மகள் கைப்பேசியில் செயலியைத் திறந்தார். நாள்வாரியாக யூனிட்டும் ரிங்கிட்டும் அதில் வரும். புது மீட்டரின் கணக்கு ஏற இன்னும் சில நாள் பிடிக்கும் என்பதால், தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார்.

2025 ஜூலை 1 முதல் தீபகற்ப மலேசியாவின் மின்கட்டண முறையே மாறிவிட்டது. முன்பு முதல் 200 யூனிட்டுக்கு ஒரு விலை, அடுத்த 100க்கு ஒரு விலை என்று படிப்படியாக ஏறும். இப்போது மாதம் 1,500 யூனிட் வரை எரிசக்திக்கு 27.03 சென், உற்பத்தித் திறனுக்கு 4.55 சென், மின் வலையமைப்புக்கு 12.85 சென், கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 சென். அதிலிருந்து சிக்கனத்துக்கான ஊக்கத்தொகை கழியும். 200 யூனிட்டுக்குள் இருந்தால் யூனிட்டுக்கு 25 சென் கழிவு. பயன்பாடு கூடக் கூடக் கழிவு சுருங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமல் போகும்.

"அப்பா, இங்கதான் பள்ளம் இருக்கு," என்று 600 என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார் மகள். சரியாக 600 யூனிட் ஓடினால் கழிவு யூனிட்டுக்கு 9 சென். அடிப்படைத் தொகை 212 ரிங்கிட் 58 சென். 601 ஓடினால் கழிவு 7.5 சென்னாக இறங்கும். மாதம் 10 ரிங்கிட் சில்லறைச் சேவைக் கட்டணமும் சேரும். ஆக மொத்தம் 231 ரிங்கிட் 95 சென். ஒரே ஒரு யூனிட்டுக்கு 19 ரிங்கிட்டுக்கு மேல்! அதோடு, எரிபொருள் விலையை ஒட்டி மாதாமாதம் கூடவோ குறையவோ செய்யும் சரிக்கட்டுத் தொகை 600ஐத் தாண்டியவர்களுக்குத்தான் உண்டு. 600க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும் இருக்கிறது.

"அந்தக் கடைசி யூனிட்டு எது ஆத்தா?" என்று கேட்டார் அம்மா. நல்ல கேள்வி. மாதக் கடைசியில் வரும் பில்லில் அதற்குப் பதில் கிடைக்காது. 25ஆம் தேதி 540 ஓடியிருக்கிறது என்று தெரிந்தால், மிச்ச நாளில் ஏர்கோனை எத்தனை மணி நேரம் போடலாம் என்று கணக்குப் போடலாம். ஒன்றரைக் குதிரைத்திறன் ஏர்கோன் ஓர் இரவுக்கு 5 யூனிட்டுக்குக் குறையாமல் தின்னும் என்பது அந்த வீட்டின் உத்தேசம். 3,500 வாட் குளியல் சுடுநீர்க் கருவியைப் பத்து நிமிடம் திறந்து வைத்தால் அரை யூனிட்டுக்கு மேல். குளிர்பெட்டி சத்தமில்லாமல் நாளுக்கு ஒன்றோ ஒன்றரையோ எடுத்துக்கொள்ளும்.

நேரத்துக்கு ஒரு விலை என்ற திட்டம் இன்னொரு பக்கம். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால்தான் அதில் சேர முடியும். எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது என்பது பழைய தட்டுக்குத் தெரியாதே. திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 மணியிலிருந்து இரவு 10 மணி வரை நெரிசல் நேரம். அப்போது எரிசக்திக்கு 28.52 சென். மற்ற நேரமும் சனி, ஞாயிறு, பொது விடுமுறையும் 24.43 சென். மகள் போட்டுக் காட்டிய கணக்கு எனக்குப் புதிது. வாரத்தின் 168 மணி நேரத்தில் நெரிசல் நேரம் 40தான். மொத்தப் பயன்பாட்டில் ஏறக்குறைய 63 விழுக்காட்டுக்குக் குறைவாக அந்த 40 மணி நேரத்தில் இருந்தாலே இந்தத் திட்டம் லாபம். எந்தப் பழக்கத்தையும் மாற்றாத வீடும் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கும். 500 யூனிட் ஓடும் வீட்டில், நாள் முழுக்கச் சீராக ஓடினால், மாதம் 8 ரிங்கிட் வாக்கில்.

ஆனால் அது தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். செயலியைத் திறக்கத் தெரிந்தவர் இருக்கும் வீட்டில் அந்த 8 ரிங்கிட் இருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு கண்

ஆயர் ஈத்தாம் சாலையோரத்து ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் 1960களின் இறுதியில் எழுந்தவை. ஆலையில் வார்த்த சிமெண்டுப் பலகைகளைப் பொருத்தி மலேசியாவில் கட்டிய ஆரம்பகாலக் குடியிருப்புகளில் ஒன்று. மின்தூக்கியில் மேலே போய், துணி காயும் நீண்ட நடைவழியில் நடந்தால், எனக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் வீடு வரும். கணவர் காலமாகிவிட்டார். மகன் கோலாலம்பூரில்.

மீட்டர் மாற்றியதிலிருந்து மின்கட்டணத்தை மகன்தான் கட்டுகிறார், கணக்கும் அவர் கைப்பேசியில்தான். பாட்டிக்கு அதில் நிம்மதி. வரிசையில் நிற்க வேண்டாம். அங்கலாய்ப்பும் உண்டு.

"நேத்து ஏன்மா ஒம்போது யூனிட்டுன்னு போன் பண்ணிக் கேக்கறான். நடுப்பகல்ல ஏர்கோன் போட்டியான்னு. புழுங்குச்சு, போட்டேன். அதுகூட அவனுக்கு அங்கேருந்து தெரியுது. எனக்கு இங்கேருந்து தெரியல பாருங்க."

"தெரிஞ்சா என்ன செய்வீங்க பாட்டி?"

"தெரிஞ்சா நானே அணைச்சிருப்பேன். அவன் கேக்குறதுக்கு முன்னாடி."

இதே மகனுக்கு இந்தக் கண் வேறு விதத்திலும் உதவியிருக்கிறது. ஒரு நாள் கணக்கு வழக்கத்தைவிட மிகக் குறைவாக இருந்ததைப் பார்த்து அழைத்திருக்கிறார். பாட்டி காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்தார். அடுப்பும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. வீட்டின் மின்சாரக் கணக்கு வீட்டுக்குள் நடப்பதை அவ்வளவு சொல்லிவிடுகிறது.

அதனால்தான் உலகின் வேறு மூலைகளில் இது அந்தரங்கப் பிரச்சினையானது. மொத்த மின்சுமையின் ஏற்ற இறக்கத்தை மட்டும் வைத்து எந்தக் கருவி எப்போது ஓடியது என்று பிரித்தறியும் வழியை அமெரிக்காவின் எம்ஐடியில் ஜார்ஜ் ஹார்ட் 1980களிலேயே வகுத்துவிட்டார். அரை மணிக் கணக்கில் அத்தனை நுட்பம் கிடைக்காது. ஆனால் வீட்டில் ஆள் இருக்கிறாரா, எப்போது எழுகிறார், எப்போது ஊருக்குப் போகிறார் என்பதை ஊகிக்க அது போதும். எல்லா வீடுகளிலும் ஸ்மார்ட் மீட்டரைக் கட்டாயமாகப் பொருத்த வேண்டும் என்று வந்த சட்ட வரைவை 2009இல் நெதர்லாந்து மேலவை இந்தக் காரணத்துக்காகவே ஏற்கவில்லை. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நிறுவனங்கள் கையிலிருக்கும் தகவலுக்கு வேலி கட்டுகிறது. தாய்க்கும் மகனுக்கும் நடுவில் எந்தச் சட்டமும் இல்லை. பாட்டி கேட்டதும் அதை அல்ல. மகன் பார்ப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை, தனக்கும் தெரிய வேண்டும் என்கிறார்.

லிட்டல் இந்தியாவின் மேல்மாடி

மாலையில் பினாங்குத் தெருவுக்கு வந்தேன். பாட்டுச் சத்தம், சாம்பிராணி வாசம், புடவைக் கடை விளக்குகள். 2008இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்ந்த நகரத்தின் நடு வயிறு இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நகராட்சியே மின்சாரம் விற்றது; 1906இல் தெருக்களில் மின்சார டிராம் ஓடியது. தீபகற்பத்தில் மின்சாரத்துக்கு முதல் சுழி போட்டவர்களில் தமிழர் ஒருவரும் உண்டு. 1894இல் சிலாங்கூரின் ரவாங்கில் ஈயச் சுரங்கத்துக்காக மின்னாக்கி வைத்தவர்கள் லோக் இயூவும் கா. தம்புசாமிப் பிள்ளையும். நகராட்சி விற்ற மின்சாரம் பின்னாளில் தேசிய மின்சார வாரியத்திடம் போய், 1990இல் அந்த வாரியமே தெனாகா நேஷனல் ஆயிற்று.

நான் தேடிப் போன சாப்பாட்டுக் கடை அஞ்சடி நடைபாதையை ஒட்டியது. கடைக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒரு மீட்டர். மாடியில் கடையில் வேலை செய்யும் ஆட்கள் தங்கியிருக்கிறார்கள்; எல்லாரும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மாடிக் கணக்கு இன்னமும் கட்டட உரிமையாளரின் காலமான தந்தையார் பெயரில் இருக்கிறது. பில் உரிமையாளருக்குப் போகும், அவர் கடை முதலாளிக்குத் தொகையை மட்டும் சொல்வார், முதலாளி பையன்களைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார். மூன்று கை மாறி வரும்போது யூனிட் உதிர்ந்து, ரிங்கிட்டும் திட்டும் மட்டும் மிச்சமாகின்றன.

"போன மாசம் ரொம்ப வந்துருச்சுன்னாரு முதலாளி. எவ்ளோ ஓடுச்சுன்னு கேட்டா அவருக்கே தெரியல," என்றார் அவர்களில் மூத்தவர். மற்றவர்கள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். "எங்க ஊர்ல இது தெளிவா இருக்கும் சார். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ஈபிக்காரர் வருவாரு. மீட்டர் பெட்டிகிட்ட வெள்ளை அட்டை தொங்கும். அதுல எழுதிட்டுப் போவாரு. நூறு யூனிட்டு சும்மா, அதுக்கு மேல காசு. படிக்கத் தெரிஞ்ச புள்ள யாரா இருந்தாலும் அட்டையப் பாத்துச் சொல்லிரும்."

இரண்டு மாதத்துக்கு ஒரு எண்தான் அந்த அட்டையில் ஏறும்; அரை மணிக்கு ஒரு எண் எடுக்கும் இந்த மீட்டரோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் அது சுவரில் தொங்கியது. வீட்டில் சுவிட்சைத் தொடும் எல்லார் கண்ணிலும் பட்டது. இந்தியாவும் 2021இல் அறிவித்த திட்டப்படி 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களை, அதுவும் முன்பணம் கட்டும் வகையை, நோக்கிப் போகிறது. அந்த அட்டைக்கும் நாள் எண்ணப்படுகிறது. பிரிட்டனில் ஸ்மார்ட் மீட்டரோடு, சமையலறையில் வைக்க ஒரு சிறிய காட்சித் திரையையும் கொடுக்கிறார்கள். அப்படி ஒன்றை ஜார்ஜ்டவுனில் நான் பார்த்த எந்த வீட்டிலும் காணவில்லை. இங்கே செயலிதான் எல்லாம். யார் கையில் செயலி இருக்கிறதோ அவருக்கு வீடு தெரியும். விசிறியையும் ஏர்கோனையும் சுடுநீரையும் திருகுகிறவர் பெரும்பாலும் வேறு ஆள்.

அண்ணனோடு கீழே வந்து மாடி மீட்டரைப் பார்த்தோம். எண்கள் மாறி மாறி ஓடின. தேதி, நேரம், பிறகு மொத்த யூனிட். எவர் பெயரில் கணக்கு இருந்தால் என்ன, எவர் கைப்பேசியில் செயலி இருந்தால் என்ன, இந்த எண் தெருவில் நிற்பவருக்கும் தெரிகிறது. பொறுமையாக நின்று ஒரு சுற்று பார்த்தால் போதும்.

"நேத்து இதே நேரம் பாத்திருந்தா, இன்னிக்குள்ளதக் கழிச்சா ஒரு நாள் கணக்கு," என்றார் அண்ணன், தனக்குத்தானே சொல்வதுபோல. கடைக்குள் போய் ஒரு பால்மாவு அட்டைப் பெட்டியைக் கிழித்து வந்தார். தேதி, எண், வித்தியாசம் என்று மூன்று கட்டம் போட்டார். ஆணியில்லாததால் மின்கம்பிக் குழாயில் நூலால் கட்டித் தொங்கவிட்டார்.

மறுநாள் மாலை தேநீர் குடிக்கப் போனபோது அட்டையில் இரண்டாவது வரி ஏறியிருந்தது: 14. மாதத்துக்குப் பெருக்கினால் 420 யூனிட். 600க்கு வெகு கீழே. ஆக, மாடி ஆட்கள் முதலாளி சத்தம் போடுமளவுக்கு ஓட்டவில்லை, அல்லது போன மாதம் மட்டும் ஏதோ கூடுதலாக நடந்திருக்கிறது. எது என்று அட்டை நிறைந்தால்தான் தெரியும். அதற்குள் மாடியில் வாக்குவாதம் தொடங்கிவிட்டிருந்தது. காலை வேலைக்காரன் இரவு வேலைக்காரனைக் கேட்டுக்கொண்டிருந்தான்: "பதினாலுல எங்களுக்கு அஞ்சுதான்டா இருக்கும். மிச்ச ஒம்போது யாருது?"